தண்ணீர் படாத அம்மி

அத்தியாயம் பதினான்கு

விடிந்ததும் விடியாததுமாக வீரம்மா குசினிக்குள் இருந்த தண்ணீர்க் குடங்களை வெளியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். குடம், வாளி, செம்பு, உறியில் தொங்கிய மோர்ப்பானை என்று ஒன்றையும் விடவில்லை. வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் வீடு மாறுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். முரசுமோட்டையில் அவள் தெருவான அந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கொக்கோ அரைக்கிற நாளில் குசினிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. அது அங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம்.

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடம் நினைவிருக்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போகிற கத்தோலிக்கப் பையன் மெல்ரொன், கட்டினால் பிரேமிளாவைத்தான் கட்டுவேன் என்று அவளுடைய அப்பா வீரையாவுக்கு நேரே நின்று சொல்லிவிட்டான். வீரையா உடனே தலையாட்டிவிட்டார். அவருடைய மனைவி வீரம்மா ஆட்டவில்லை. "அவங்க அம்மா வரட்டும். கட்டி முறிக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அந்த அம்மா வருகிற நாள் இன்றைக்கு.

கட்டி முறிப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுபத்து மூன்றில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது, மாத்தளைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டமொன்றிலிருந்து சில குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. சட்டி பானையோடு ஒரு சாக்குக் கொக்கோப் பழமும் வந்தது. வாய்க்கால் கரையில் பலாமர நிழலில் அது முளைத்துக் காய்த்தது. தாண்டிக்குளத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சொக்லேற் வராத இந்த வருஷங்களில், ஒழுங்கைப் பெண்கள் பனங்கட்டி சேர்த்து வார்க்கிற கொக்கோக் கட்டிதான் பளை முதல் கனகராயன்குளம் வரை பிள்ளைகளுக்குச் சொக்லேற்.

அந்த ஒழுங்கையில் சம்பந்தம் பேசும்போது வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் கட்டி வரும். இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை முறிக்க வேண்டும். முறித்த துண்டை ஒருத்திக்கு மற்றவள் ஊட்டி, அவளுடைய பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் சம்பந்தி, சம்பந்திதான். பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. ஆண்கள் அன்றைக்கு வீட்டில் நிற்பதில்லை. வீரையா கதிர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார்.

"அம்மா, உங்கட முகத்தைப் பாத்தா வாறவா அடுத்த பஸ்ஸிலயே திரும்பிப் போயிடுவா" என்றாள் பிரேமிளா. அம்மிக்குக் கீழே தணல் தள்ளிக்கொண்டிருந்தாள். கல் சூடேறினால்தான் வறுத்த கொக்கோ தன்னுடைய நெய்யைக் கக்கும்.

"என் மொகம் என்னா செஞ்சுச்சு?"

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். எனக்குத் தெரியும். என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில தண்ணி ஊத்திப்போடுவினம் எண்டு பயப்பிடுறியள்."

வீரம்மா குழவியைத் துடைத்து அம்மியில் வைத்தாள். பயம் அதுதான். மகள் மாதாவைக் கும்பிட்டால் கும்பிடட்டும், அது அவளுக்குப் பொருட்டில்லை. ஞானஸ்நானத்தோடு பெயரை மாற்றிவிடுவார்களே என்பதுதான் அவளைத் தின்றது. தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது பெற்றவர்கள் இல்லை, கணக்கப்பிள்ளையின் வாய். அவர் அன்றைக்கு எப்படிக் கூப்பிட்டாரோ அதுதான் பெயர். வீரம்மாவின் தங்கைகள் மூன்று பேருக்கும் ஒரே பெயர். அப்படி இருந்தவள் இந்த மண்ணுக்கு வந்து, தன்னுடைய காணியில், தன்னுடைய விருப்பத்துக்கு முதல் தரமாக ஒரு பெயர் வைத்தாள். ரேடியோவில் கேட்ட பெயர், பிரேமிளா. அதை இன்னொருத்தர் எடுத்துவிட்டு வேறொன்று வைப்பதென்றால் அவளால் தாங்க முடியாது.

"பாகு மாதிரி வர்ற வரைக்கும் அரை" என்று மட்டும் சொன்னாள்.

முல்லைத்தீவு பஸ் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் யூலிற்றா, மெல்ரொனின் அம்மா. ஓலைப்பெட்டியில் இறால் கருவாடு, கையில் ஒரு குடை, கழுத்தில் செபமாலை. தனியாக வந்திருந்தார். கட்டி முறிக்கப் போவதென்றால் விடமாட்டார் என்று கணவர் ஞானப்பிரகாசத்திடம் புதுக்குடியிருப்பில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஞானப்பிரகாசம் நேற்று இரவு வலையைப் பொத்திக்கொண்டே சொன்ன ஒரு சொல்லைத்தான் அவர் நெஞ்சுக்குள் சுமந்துகொண்டு வந்தார். இங்கே அதைச் சொல்லியாக வேண்டும். எந்த வாயால் சொல்வது என்பதுதான் வழி முழுக்க அவருக்குப் பாடு.

"வாங்கம்மா, வாங்க" என்று வீரம்மா படலையைத் திறந்தாள். பலாமரத்துக்குக் கீழே கதிரை போட்டிருந்தது. "இங்கயே உக்காருங்க. தண்ணி குடிங்க."

யூலிற்றா உட்காரவில்லை. வீட்டைப் பார்த்தார், வெளியே வரிசையாக இருந்த குடங்களைப் பார்த்தார். கையிலிருந்த கருவாட்டுப் பெட்டியையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"மீன்காரர் எண்டாப் போல வெளியில வைச்சோ தண்ணி தருவியள்? எங்கட பக்கத்தில இதுக்கு வேற அர்த்தம், அக்கா."

வீரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அதே தண்ணீரை வெளியே வைத்துத்தான் பெரிய வீட்டுக்காரர்கள் தனக்கும் தந்திருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிரேமிளா ஓடிவந்தாள்.

"ஐயோ அன்ரி, அப்பிடியில்லை! கொக்கோ அரைக்கிறம். உள்ளுக்க தண்ணி வந்தாக் கெட்டுப்போம். நாங்களும் வெளியில வந்துதான் குடிக்கிறனாங்கள். இஞ்ச பாருங்கோ." சொன்ன கையோடு செம்பை எடுத்து அவளே அண்ணாந்து குடித்தாள். அவசரத்தில் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டாள்.

"இந்தா, இனி நீ உள்ள வராத" என்று வீரம்மா அதட்டினாள். "போயி சட்டைய மாத்து."

யூலிற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீரையும் குடித்தார். பிறகு கையைக் கழுவி, வீரம்மா நீட்டிய துணியில் விரல் இடுக்கு வரை துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த மணம் அப்படி. மெல்ரொன் சின்னப் பிள்ளையாக முதல்நன்மை எடுத்த நாளில் கோயில் வளவில் ஆளுக்கொரு கட்டி கொடுத்தார்கள். மகன் கடித்த மிச்சத்தை அவர் வாயில் போட்டிருக்கிறார். அது இந்தக் குசினியில் இருந்துதான் வந்ததோ என்னவோ. கேட்டால் உரிமை கொண்டாடுகிற மாதிரி இருக்கும் என்று கேட்காமல் விட்டார்.

"நானும் அரைக்கட்டே?"

"உங்களுக்கெதுக்கும்மா கஷ்டம்."

"கஷ்டமோ? வலை இழுக்கிற கை இது, அக்கா."

இழுத்த கைதான். குழவியை அவர் உருட்டிய வேகத்துக்கு வீரம்மாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. கறுப்புத் தூள் களியாகி, களி இளகி, அம்மி விளிம்பில் எண்ணெய் மினுங்கிக்கொண்டு வழிந்தது. வழித்துச் சட்டியில் சேர்த்தார்கள். வெயிலில் காயவிட்டு இடித்த பனங்கட்டித் தூளை வீரம்மா தூவினாள், சட்டை மாற்றி வந்த பிரேமிளா அகப்பையால் கிண்டினாள். இடையில் மீன் விலை, மழை, சண்டை நின்றிருக்கிற இந்த மாதங்களில் கடலுக்குப் போவது கொஞ்சம் சுகம் என்கிற கதை எல்லாம் வந்தது. கல்யாணம் என்ற சொல் மட்டும் வரவில்லை.

"சட்டி நல்லா வந்திருச்சு" என்றாள் வீரம்மா. "செரட்டைல ஊத்தி, வாளில வச்சு கெணத்துக்குள்ள தொங்க விடணும். குளுந்தா எறுகிரும். செரட்டைய எடுத்தாறேன்."

அவள் எழுந்து வெளியே போனாள். பிரேமிளா தணலைத் தள்ளிவிடக் குனிந்தாள்.

யூலிற்றா சட்டியைப் பார்த்தார். கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளையைத் தனக்குப் பிடித்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பிடித்த எதையும் மாதாவிடம் ஒருதரம் காட்டாமல் விடுகிற பழக்கம் அவரிடம் இல்லை. புது வலை வாங்கினாலும் அப்படித்தான், பேரப்பிள்ளை பிறந்தாலும் அப்படித்தான். இடுப்பில் சொருகியிருந்த சின்னப் போத்தலை எடுத்தார். மடுக்கோயில் தீர்த்தம். கண்ணை மூடி, சிலுவை போட்டு, சட்டிக்கு மேலே தெளித்தார். போத்தல் வாய் கொஞ்சம் அகலம். நினைத்ததைவிடக் கூடவே விழுந்தது.

தண்ணீர் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மடுமாதாவின் தீர்த்தம் தண்ணீர் என்று யாராவது சொன்னால் அவர் சண்டைக்கு வந்திருப்பார்.

"அன்ரி!" என்றாள் பிரேமிளா.

அகப்பை இறுகியது. மினுக்கம் போன இடம் தெரியவில்லை. மணல் மணலாக, பிசைந்து வைத்த ஈரமண்ணாக அத்தனையும் ஒரே உருண்டையாகத் திரண்டுகொண்டது. சிரட்டையோடு உள்ளே வந்த வீரம்மா சட்டியைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், யூலிற்றாவின் விரலில் இருந்த ஈரத்தையும் பார்த்தாள்.

"என்னாத்த ஊத்துனீங்க?"

"தீர்த்தம், அக்கா. நல்லதுக்குத்தான்..."

"இப்பவே தெளிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" சிரட்டைகள் கீழே உருண்டன. "சட்டிக்கு இன்னைக்கு, எம் புள்ள தலைக்கு நாளைக்கா? அதுக்குத்தான வந்தீங்க? மறைக்காம சொல்லுங்க!"

இத்தனை நேரம் தொண்டையில் நின்றது அப்போது தானாக வந்துவிட்டது.

"ஓம்" என்றார் யூலிற்றா. "அதைச் சொல்லத்தான் வந்தனான். ஞானஸ்நானம் எடுத்தால்தான் கலியாணம் எண்டு இவர் சொல்லிப்போட்டார். உயிர்ப்புத் திருநாளுக்கு முதல் நாள் இரவு வைக்கலாமாம். பேரும் தெரிஞ்சு வைச்சிருக்கிறார்."

வீரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் பயந்த அதே காரியம் வாசல் வழியாக நடந்து வந்து, கை துடைத்து, தன்னோடு உட்கார்ந்து கொக்கோவும் அரைத்திருக்கிறது. அழுகை வந்தது, அழவில்லை.

"தூக்கி குழியில கொட்டு" என்றாள் மகளிடம், சட்டியைக் காட்டி. அந்த ஒழுங்கையில் தண்ணீர் பட்ட கொக்கோவுக்கு அதுதான் வழக்கம்.

பிரேமிளா சட்டியைத் தூக்கவில்லை. யூலிற்றாவுக்கு நேரே திரும்பினாள்.

"அன்ரி, நான் கோயிலுக்கு வாறன். மெழுகுதிரி கொளுத்திறன். பிறக்கிற பிள்ளையளுக்கு நீங்கள் செபம் சொல்லிக்குடுங்கோ, எனக்குச் சந்தோசம். ஆனா பேரை மாத்தமாட்டன். அது எங்கட அம்மா வைச்ச பேர். அது வேண்டாமெண்டா எனக்கு மெல்ரொனும் வேண்டாம்." கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. மெல்ரொன் வேண்டாம் என்று அவள் வாய் சொன்னதை அவள் கண்ணே நம்பவில்லை.

அழுகிறதை மறைக்க வேண்டும், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். வெளியே ஓடி, வந்தவருக்குத் தேநீர் போடவென்று முற்றத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏய், என்னாடி செய்யிற?"

"இனி என்னம்மா? பட்டாச்சு. பட்டதுக்குப் பிறகு என்ன விலக்கு?" அப்படியே முழுப் பாலையும் கொக்கோச் சட்டிக்குள் கவிழ்த்தாள்.

கோபத்தில் செய்த காரியம். முதலில் இன்னும் கேவலமாகத்தான் போனது. கட்டி கட்டியாக மிதந்தது. பிரேமிளா கண்ணைத் துடைத்துத் துடைத்து அகப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், நிறுத்தினால் அழ வேண்டி வரும் என்று. சுற்றச் சுற்ற ஒரு கட்டி கரைந்தது. பிறகு மற்றொன்று. பிறகு சட்டி முழுவதும் மண்ணிறமாக, வழுவழுவென்று, பழைய மினுக்கம் திரும்பி வந்து நின்றது.

வீரம்மா எழும்பி எட்டிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இந்த வேலையைப் பார்க்கிறவள். சொட்டுத் தண்ணீர் பட்டதைக் கொட்டித்தான் அவளுக்குத் தெரியும். இன்னும் ஊற்றிப் பார்ப்போம் என்று அவளுடைய அம்மாவுக்குத் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சொட்டாகப் பட்டதால் கெட்டது, தாராளமாக ஊற்றியதில் தேறிவிட்டது.

சிரட்டையில் மூன்று பேருக்கும் வார்த்தாள் பிரேமிளா. யூலிற்றா ஒரு மிடறு குடித்தார். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் ஒரு பேர் இருந்தது, அக்கா."

வீரம்மா நிமிர்ந்தாள்.

"யூலிற்றா எண்டது கலியாணத்துக்கு முதல் நாள் வைச்ச பேர். நாங்கள் சைவம். வற்றாப்பளை அம்மனிட்ட நேந்து பிறந்த பிள்ளை நான். இவரில விருப்பப்பட்டுத்தான் வந்தனான். மாதாவிலயும் எனக்கு உயிர், அதில பொய்யில்லை. ஆனா பேரைப் பற்றி ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. எங்கட அம்மா மட்டும் கடைசி மட்டும் பழைய பேரைத்தான் சொல்லிக் கூப்பிட்டவா. அவா செத்தாப் பிறகு கூப்பிட ஆளில்லை. பிள்ளையளுக்கும் தெரியாது."

"மெல்ரொனுக்குமோ?" என்றாள் பிரேமிளா.

"அவனுக்குமில்லை."

யூலிற்றா சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஆயரிட்ட அனுமதி எடுத்தா, தண்ணி ஊத்தாமலும் பேர் மாத்தாமலும் கோயில்ல கட்டலாமெண்டு எங்கட பங்குச் சுவாமி ஒருக்காச் சொன்னவர். இவர்தான் அதைக் காதில விழுத்தேல்லை. நானும் வாயைத் திறக்கேல்லை. இண்டைக்குப் போய்த் திறக்கிறன். உங்கட பிள்ளை தானாக் கேட்டாலொழிய அவளின்ர தலையில ஒரு சொட்டும் விழாது. மாதாவின்ர பேரால சொல்லுறன்."

மன்னிப்புக் கேட்க வீரம்மாவுக்குப் பழக்கமில்லை. தன்னுடைய சிரட்டையை யூலிற்றாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"முறிக்கத்தான் கட்டியில்ல. குடிங்க. உங்க பேரச் சொல்லுங்க, நான் ஒருதரம் கூப்பிடணும். அதுதான் முறை."

யூலிற்றா வாயைத் திறந்தார். பழகிய பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"கமலாட்சி" என்றார்.

மத்தியான பஸ்ஸுக்கு அவர் புறப்பட்டபோது பிரேமிளா குடையை எடுத்துக் கொடுத்து, "கவனமாப் போங்கோ, மாமி" என்றாள். காலையில் அன்ரியாக வந்தவர் மாமியாகப் படலையைத் தாண்டினார்.

சந்தியில் முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்ஸை இன்னும் காணவில்லை. அங்கிருந்து வருகிற பஸ்தான் முதலில் வந்தது. யாரோ இறங்குகிறார்கள் என்று சும்மா பார்த்த யூலிற்றா குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டார். சாரத்துக்கு மேலே கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை. ஞானப்பிரகாசம்.

"புதுக்குடியிருப்பு இஞ்சையோ இருக்கு?" அவர் சத்தம் போடவில்லை. கோபம் வந்தால் அவருக்குச் சத்தம் குறையும். "சுவாமியிட்ட நாள் கேட்டிட்டு வாறன், யூலிற்றா. அந்தப் பிள்ளைக்குச் செபம் படிப்பிக்க ஆள் போடுகினமாம். நீ சொல்லிப்போட்டாய்தானே?"

திறக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த வாய் ஒட்டிக்கொண்டது. பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. தூசி அடங்கும் முன்னால் ஒழுங்கைப் பக்கமிருந்து வீரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் யூலிற்றா மறந்துவிட்டு வந்த தீர்த்தப் போத்தல், கழுத்து வரை கொக்கோப் பால் நிரம்பியபடி. முறைப்படி ஒருதரம்தான் சொல்லலாம், அதைக் குசினியிலேயே சொல்லியாகிவிட்டது என்பதை அவள் அவசரத்தில் மறந்துபோனாள்.

"கமலாட்சி! நில்லுங்க, கமலாட்சி!"

சந்தியில் நின்ற யாருக்கும் அந்தப் பெயரில் ஒன்றுமில்லை. அந்தப் பெயருக்கு உரியவருக்குக்கூடத் திரும்ப ஒரு கணம் பிடித்தது. அவரையும் முந்திக்கொண்டு சட்டென்று திரும்பிப் பார்த்தவர் ஞானப்பிரகாசம்.